கஞ்சிங் அருவிக்குச் செல்வோர் அறிய வேண்டியவை

ஆறு நாள் உழைத்து, ஏழாம் நாள் குடும்பத்தோடு அருவிக்குச் சென்று நீராடி, கட்டுச்சோறு உண்டு, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்புவது நம் மக்களிடையே நெடுங்காலமாக இருந்து வரும் வழக்கமாகும். தோட்டத்து லயங்களில் வாழ்ந்த காலத்தில் லாரிகளில் ஏறி, சோற்றுப் பானையும் குழம்புச் சட்டியும் பாயுமாகப் பலர் ஒன்றாகப் புறப்பட்டனர். தோட்டங்களை விட்டுப் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களும் இவ்வழக்கத்தைக் கைவிடவில்லை. அதிகச் செலவில்லாத இந்த இன்பம் குழந்தைகளுக்கு மகிழ்ச்சி தருவது, முதியோருக்கும் உகந்தது.

ஆயினும், அருவிக்குச் சென்றவர்கள் அனைவரும் வீடு திரும்பாத நாட்களும் நம் நாட்டில் உண்டு. அத்தகைய துயரங்களிற் பல, நீந்தத் தெரியாமையால் மட்டும் நேர்ந்தவையல்ல. ஆறு எவ்வாறு பெருகுகிறது என்பதை அறியாமையாலும் நேர்ந்தவை. ஆகவே, சிலாங்கூர் மாநிலத்தில் எளிதில் சென்று வரத்தக்க கஞ்சிங் அருவியை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அங்குச் செல்லும் வழியையும், எந்த அருவிக்குச் சென்றாலும் மனத்திற் கொள்ள வேண்டிய விழிப்பையும் இக்கட்டுரையில் விளக்குவோம்.

அமைவிடம்

கோலாலம்பூரிலிருந்து செலாயாங் வழியாக ராவாங் நகருக்குச் செல்லும் பழைய நெடுஞ்சாலையின் ஓரத்தில், தலைநகரிலிருந்து 20 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவில், கஞ்சிங் பொழுதுபோக்கு வனம் அமைந்துள்ளது. சிலாங்கூர் வன இலாகா இதனைப் பராமரித்து வருகிறது. இதே சாலையில், சற்றுத் தெற்கே, டெம்ப்ளர் பூங்கா இருக்கிறது. 1952 முதல் 1954 வரை மலாயாவில் பிரிட்டிஷ் ஹை கமிஷனராக இருந்த சர் ஜெரால்டு டெம்ப்ளரின் பெயரை அப்பூங்கா தாங்கி நிற்கிறது. அருகில் செங்குத்தாக எழுந்து நிற்கும் புக்கிட் தாக்குன் என்னும் சுண்ணாம்புக்கல் மலை, அவ்வழியே செல்வோர் கண்ணில் தவறாமல் படும்.

கஞ்சிங்கும் ராவாங்கும் 19-ஆம் நூற்றாண்டில் ஈயச் சுரங்கங்களுக்குப் பெயர் பெற்றவை. தம்புசாமிப் பிள்ளையும் லோக் யூவும் நடத்திய ராவாங் சுரங்கத்தில் 1894-ஆம் ஆண்டிலேயே மின்சாரப் பொறிகள் இயங்கின. இந்நாட்டில் மின்சாரம் முதன்முதலாகப் பயன்பட்ட இடம் அதுவே என்று வரலாறு கூறுகிறது. சுரங்கங்கள் மறைந்த பின்னும், மலையின் மேற்பகுதியில் காடு காக்கப்பட்டு வந்துள்ளது. கியாம் கஞ்சிங் என்னும் மரவகை இவ்வனத்திற்கே உரியது. உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராதது. அருவியை நாடிச் செல்வோர், இத்தகைய அரிய செல்வத்தின் நடுவே நடக்கிறோம் என்பதை உணர்ந்து செல்லுதல் நன்று.

ஏழு அடுக்குகள்

கஞ்சிங்கில் நீர் ஒரே வீழ்ச்சியாக விழுவதில்லை. மலையிடுக்கின் வழியே ஏழு அடுக்குகளாக இறங்கி வருகிறது. கீழ் அடுக்குகளுக்குச் செல்லும் பாதை சீராக அமைக்கப்பட்டுள்ளது. ஏற்றமான இடங்களில் படிகள் உள்ளன. சிறுவர்களும், முழங்கால் வலியில்லாத முதியவர்களும் நிதானமாக நடந்து செல்லலாம். முதல் அடுக்குகள் நுழைவாயிலிலிருந்து சில நிமிட நடைத் தொலைவிலேயே உள்ளன. வழியில் இளைப்பாறிச் சென்றாலும், நான்காம் அடுக்கை அரை மணி முதல் முக்கால் மணி நேரத்திற்குள் எட்டிவிடலாம்.

அதற்கு மேற்பட்ட பாதையின் தன்மை வேறு. அங்கு மரவேர்களைப் பற்றிக்கொண்டும், ஈரப் பாறைகளின்மீது கால் ஊன்றியும் ஏற வேண்டியிருக்கும். காட்டு நடையில் பழகியவர்கள் மட்டுமே அப்பகுதிக்குச் செல்ல வேண்டும். குழந்தைகளுடன் வந்தவர்கள் கீழ் அடுக்குகளோடு நிறைவு கொள்வதே தக்கது. ஏழாம் அடுக்கைக் கண்டவருக்கும் நான்காம் அடுக்கைக் கண்டவருக்கும் குளிர்ச்சியில் வேறுபாடு இல்லை.

காலில் பிடிப்புள்ள காலணி அணிந்து செல்லுதல் அவசியம். ரப்பர்ச் செருப்பு பாசி படிந்த பாறையில் வழுக்கும். மழைக்கு மறுநாள் பாதையோரத்தில் அட்டைகள் இருக்கக்கூடும். தோட்டத்தில் வேலை செய்து பழகியவர்களுக்கு அட்டை புதியதன்று. பிள்ளைகளுக்கு நீண்ட காலுறை அணிவித்தால் போதும். சீரமைப்பு வேலைகளின்போதும் வானிலை மோசமாக உள்ள நாட்களிலும் வனம் மூடப்படுவதுண்டு. ஆதலால், புறப்படுவதற்கு முன்னரே திறந்திருக்கிறதா என்று கேட்டு அறிதல் வேண்டும்.

நீர் எங்கிருந்து வருகிறது?

மழை பெய்து பல நாட்கள் ஆன பின்னும் அருவியில் தெளிந்த நீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்நீரைத் தேக்கி வைத்திருப்பது காடு. மழைத்துளி முதலில் உயர்ந்த மரங்களின் இலைகளில் விழுகிறது. அங்கிருந்து சிறு மரங்களுக்கும், பின்னர்த் தரையிலுள்ள சருகுப் படுகைக்கும் இறங்குகிறது. சருகும் வேரும் நிறைந்த மண், பஞ்சு போல நீரை உறிஞ்சிக்கொண்டு, பாறை இடுக்குகளின் வழியே சிறுகச் சிறுக வெளிவிடுகிறது. இதனால்தான் வறட்சியான வாரங்களிலும் ஓடை வற்றுவதில்லை.

எனினும், பஞ்சு உறிஞ்சுவதற்கும் ஓர் அளவுண்டு. மலைச்சரிவில் மண்ணின் கனம் குறைவு. அதன் அடியில் கரும்பாறை இருக்கிறது. முந்திய நாட்களில் பெய்த மழையால் மண் நனைந்திருக்கும்போது மேலும் கனத்த மழை பெய்தால், அந்நீருக்கு மண்ணில் இடமில்லை. அது சரிவின்மேல் வழிந்து, நாற்புறத்திலிருந்தும் ஒரே ஓடைக்கு விரைந்து வந்து சேர்கிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மலைச்சரிவில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்வதாகக் கொள்வோம். அம்மழையின் அளவு 50,000 கன மீட்டர். ஒரு கன மீட்டர் நீரின் எடை 1,000 கிலோகிராம்; அதாவது ஒரு டன். இதில் பாதி மண்ணுக்குள் இறங்கிவிட்டு, மறுபாதி மட்டும் அந்த ஒரு மணி நேரத்தில் ஓடையை அடைந்தாலும், நொடிக்கு ஏறத்தாழ 7 டன் நீர் அக்குறுகிய மலையிடுக்கின் வழியே பாயும். சற்று முன்பு குழந்தைகள் விளையாடிய முழங்காலளவு ஓடை அதுவேதான்.

நீரின் வேகம் இரு மடங்கானால், அது நம் உடலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். வேகம் மும்மடங்கானால் விசை ஒன்பது மடங்காகும். ஆகையால், வேகமாக ஓடும் நீர் முழங்காலளவே இருந்தாலும், உடல் வலிமை மிக்க ஆண்மகனையும் வீழ்த்திவிட வல்லது.

திடீர் நீர்ப்பெருக்கு

இவ்வாறு மலையிலிருந்து திடீரென வந்து பாயும் பெருக்கினை மலாய் மொழியில் ‘கெப்பாலா ஆயர்’ என்பர். ‘நீரின் தலை’ என்பது இதன் சொற்பொருள். பாம்பு தலையை உயர்த்தி வருவதுபோல, வெள்ளத்தின் முன்பகுதி உயர்ந்து, மரக்கட்டைகளையும் மண்ணையும் கற்களையும் சுமந்துகொண்டு வருவதைக் கண்டோர் இட்ட பெயர் இது.

இப்பெருக்கு மிக்க ஆபத்தானதாக இருப்பதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது, மழை பெய்யும் இடமும் மக்கள் குளிக்கும் இடமும் வெவ்வேறாக இருத்தல். மலை உச்சியில் கனத்த மழை கொட்டும் வேளையில், கீழே குளிக்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். இரண்டாவது, மேலே ஓடையின் குறுக்கே விழுந்து கிடக்கும் மரங்களும் சருகுகளும் அணைபோல நீரைத் தடுத்து நிறுத்துதல். தேங்கிய நீரின் பாரம் தாங்காமல் அத்தடை உடையும்போது, நெடுநேரம் சேர்ந்த நீர் அனைத்தும் சில நிமிடங்களில் இறங்கிவிடுகிறது.

நம் நாட்டு வரலாற்றில் இதற்குச் சான்றுகள் உள்ளன. 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள் மாலை, பேராக் மாநிலத்தில் கம்பார் நகருக்கு அருகிலுள்ள போஸ் டிப்பாங் என்னும் பூர்வகுடி மக்களின் குடியிருப்பை, மலையிலிருந்து மண்ணும் மரங்களுமாக இறங்கிய வெள்ளம் தாக்கியது. அதில் 44 பேர் மாண்டனர். 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள் மாலைப் பொழுதில், கெடா மாநிலத்தில் ஜெராய் மலையில் பெய்த பெருமழையால் யான், மெர்போக் வட்டாரங்களில் வெள்ளம் பாய்ந்து ஆறு உயிர்களைக் கவர்ந்தது. 2023-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், திரெங்கானு மாநிலம் கெமாமான் மாவட்டத்தில் உள்ள ஜெரம் மாவாரில் உல்லாசமாகப் பொழுதைக் கழிக்கச் சென்றிருந்த 10 பேரைத் திடீர் நீர்ப்பெருக்கு அடித்துச் சென்றது. அவர்கள் நம்மைப் போலவே ஓய்வு நாளில் ஆற்றங்கரைக்குச் சென்றவர்கள்.

ஆறு தரும் குறிப்புகள்

நீர்ப்பெருக்கு வருவதற்கு முன் ஆறு சில குறிப்புகளைத் தருவதுண்டு. அவற்றைக் குடும்பத்தார் அனைவரும், முக்கியமாகப் பள்ளிப் பிள்ளைகள், அறிந்திருக்க வேண்டும்.

1. தெளிந்திருந்த நீர் கலங்கி, தேநீர் நிறமாகவோ செம்மண் நிறமாகவோ மாறுதல்.

2. சருகு, சுள்ளி, மரக்கிளை ஆகியவை வழக்கத்தை விட மிகுதியாக மிதந்து வருதல்.

3. நீர்மட்டம் சிறிதளவேனும் உயர்தல். காரணமின்றித் திடீரெனக் குறைவதும் ஆபத்தின் அறிகுறியே. மேலே தடை ஏற்பட்டு நீர் தேங்குகிறது என்பது அதன் பொருளாக இருக்கலாம்.

4. அருவியின் ஓசை மாறுதல். மேற்புறத்திலிருந்து லாரி வருவது போன்ற இரைச்சலோ, பாறைகள் மோதும் ஒலியோ கேட்டல்.

5. மலை உச்சியில் கருமேகம் சூழ்தல் அல்லது இடி முழங்குதல்.

இவற்றுள் ஏதேனும் ஒன்று தென்பட்டாலும் போதும். இரண்டாவது குறிப்புக்காகக் காத்திருத்தல் கூடாது. சில வேளைகளில் ஆறு எந்தக் குறிப்பும் தராமலே பெருகிவிடுவதுண்டு என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

குளிக்க இறங்குவதற்கு முன், நீர் விளிம்பைத் தொட்டு நிற்கும் ஒரு கல்லை அடையாளமாகக் கொள்க. கால் மணிக்கு ஒருமுறை அக்கல்லைப் பார்த்தால், நீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரிந்துவிடும். உடன் வந்த பெரியவர்களுள் ஒருவர் நீரில் இறங்காமல் கரையிலேயே இருந்து காவல் காத்தல் நலம். முறை வைத்து இப்பணியை மாற்றிக்கொண்டால், எவருடைய மகிழ்ச்சியும் கெடாது.

இடியின் தொலைவை அறிய எளிய வழி ஒன்றுண்டு. மின்னலைக் கண்டது முதல் இடியைக் கேட்கும் வரை நொடிகளை எண்ணி, அதனை மூன்றால் வகுத்தால், தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். 15 நொடியானால் 5 கிலோமீட்டர். ஆனால், மலைப்பக்கம் இடி கேட்டால் கணக்குப் போட்டுக்கொண்டிராமல், நீரை விட்டு வெளியேறி விடுவதே அறிவுடைமை.

பெருக்கு வந்தால் செய்ய வேண்டியவை

பாத்திரங்களையும் பைகளையும் எடுக்கத் திரும்பிச் செல்லாதீர்கள். போன பொருளை மீண்டும் வாங்கிக்கொள்ளலாம். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, ஆற்றின் போக்கிலேயே ஓடாமல், கரையின் மேட்டுப் பக்கமாக ஏறுங்கள். நீர் மனிதரை விட வேகமாக ஓடும்; மேட்டின்மீது அதனால் ஏற முடியாது.

எதிர்க்கரையில் அகப்பட்டுக்கொண்டால், ஆற்றைக் கடக்க முயலக் கூடாது. கார் நிறுத்திய இடம் இக்கரையில் உள்ளதே என்று எண்ணி நீரில் இறங்கியவர்கள் பலர் உயிரிழந்துள்ளனர். மேடான இடத்தில் காத்திருங்கள். மலையோடை விரைவில் பெருகுவதுபோல, மழை நின்ற பின் சில மணி நேரத்தில் வடிந்தும் விடும்.

எவரேனும் நீரில் அடித்துச் செல்லப்பட்டால், காப்பாற்றும் எண்ணத்தோடு உடனே குதிக்காதீர்கள். ஒருவரைக் காக்கச் சென்று இருவர் மூவராக மாண்ட நிகழ்ச்சிகள் மிகுதி. கயிறு, நீண்ட கழி, மூடியிட்ட வெற்று நீர்க்கலம் ஆகியவற்றுள் கையில் அகப்படுவதை வீசுங்கள். 999 என்னும் எண்ணுடன் தொடர்பு கொண்டு தீயணைப்பு மீட்புப் படையினரை அழையுங்கள். காட்டுக்குள் கைப்பேசித் தொடர்பு கிடைக்கவில்லையெனில், ஒருவரை நுழைவாயிலுக்கு அனுப்பிப் பணியாளரிடம் தெரிவியுங்கள்.

புறப்படும் நேரமே பாதிப் பாதுகாப்பு

தீபகற்பத்தின் மேற்குப் பகுதியில், குறிப்பாகப் பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும், காலையில் வெயிலும் பிற்பகலில் இடியுடன் கூடிய கனத்த மழையும் பெய்வது இயல்பு. காலை வெயிலால் நிலம் சூடேற, ஈரக்காற்று மலைச்சரிவின் வழியே மேலெழுந்து, மேகமாகத் திரண்டு, பிற்பகலிலும் மாலையிலும் பொழிகிறது. மற்ற மாதங்களிலும் இவ்வாறு பெய்வதுண்டு.

ஆகவே, வனம் திறந்தவுடன் உள்ளே சென்று, நண்பகலில் உணவை முடித்துக்கொண்டு, வானம் கறுப்பதற்கு முன் வெளியேறுவதே சிறந்த முறையாகும். நேரங்கழித்து எழுந்து, பத்து மணிக்குச் சமைத்து, பிற்பகலில் அருவியை அடைபவர்கள், ஆற்றில் ஆபத்து மிக்க வேளையையே தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள். முந்திய இரவில் கனத்த மழை பெய்திருந்தால், அந்த வாரம் செல்லாமல் அடுத்த வாரம் செல்வதில் நட்டமொன்றுமில்லை. மலேசிய வானிலை ஆய்வு இலாகா இடியுடன் கூடிய மழை பற்றிய எச்சரிக்கைகளை அவ்வப்போது வெளியிடுகிறது. கைப்பேசி வைத்திருக்கும் பிள்ளைகளிடம், புறப்படும் முன்னும் அருவியை அடைந்த பின்னும் இதனைப் பார்த்துச் சொல்லும்படி கூறலாம்.

குளிக்கும் இடத்தில்

அருவி விழும் இடத்தில், நீரோடு வரும் மணலும் கூழாங்கற்களும் சுழன்று சுழன்று பாறையைக் குடைந்து குழி ஆக்குகின்றன. ஒவ்வொரு வெள்ளத்திற்குப் பின்னும் குழியின் ஆழமும் அடியிலுள்ள கற்களின் இருப்பும் மாறிவிடும். சென்ற ஆண்டு குதித்து விளையாடிய இடம் இவ்வாண்டும் அவ்வாறே இருக்கும் என்று எண்ணுவது தவறு. பாறைமேலிருந்து தலைகீழாகக் குதித்துக் கழுத்தெலும்பு முறிந்தோர் உண்டு. மது அருந்தியவர்கள் நீரில் இறங்குவதோ, பிறரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதோ கூடாது.

நீரில் மூழ்குபவர் கூச்சலிடுவார் என்று பலர் நம்புகின்றனர். மூச்சு விடவே இயலாதவரால் குரலெழுப்ப முடியாது. ஆகையால், சிறு குழந்தைகளைக் கைக்கெட்டும் தூரத்திலேயே வைத்திருத்தல் வேண்டும். காதால் கேட்டுக் காவல் காக்க இயலாது.

உடலில் புண்ணோ வெட்டுக்காயமோ உள்ளவர்கள் ஆற்றில் இறங்குவதைத் தவிர்க்க வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த நீரினால் பரவும் எலிக்காய்ச்சல், புண்ணின் வழியாகவும் கண், வாய் வழியாகவும் உடலினுள் புகும். 2010-ஆம் ஆண்டில் பகாங் மாநிலத்தின் லுபுக் யூ என்னும் நீராடுமிடத்தில், மூழ்கிய இளைஞரைத் தேடச் சென்றோரில் சிலர், இந்நோயாலும் மண்ணிலும் நீரிலும் வாழும் மற்றொரு கிருமியாலும் தாக்கப்பட்டு மாண்டனர். அருவிக்குச் சென்று வந்த பின் ஒரு மாதத்திற்குள் காய்ச்சலும் தசைவலியும் கண்டால், தாமதியாமல் மருந்தகத்திற்குச் சென்று, ஆற்றில் குளித்த செய்தியை மருத்துவரிடம் மறவாமல் கூறுங்கள். அச்செய்தி மருத்துவருக்கு நோயை அறிந்து சிகிச்சை அளிக்கப் பெரிதும் உதவும்.

வனத்திற்குரிய ஒழுங்கு

கஞ்சிங்கில் குரங்குகள் மிகுதி. உணவு வைத்துள்ள பிளாஸ்டிக் பைகளைக் கண்டால் அவை அஞ்சாமல் பறித்துக்கொள்ளும். மூடியுள்ள பாத்திரங்களில் உணவைக் கொண்டு செல்லுங்கள். பரிதாபப்பட்டு உணவளிப்பது அவற்றின் நன்மைக்காகாது. மனிதரிடம் பறித்துண்ணவே அவை பழகிவிடும்.

எலும்பும் சோற்று மிச்சமும் பாறைகளின்மேல் கிடந்தால், குரங்கோடு எலியும் வந்து சேரும். எலியோடு நோயும் வரும். எனவே, குப்பையைத் திரும்ப எடுத்து வருவது அழகுக்கு மட்டுமன்றி, அடுத்த வாரம் அங்கு நீராட வரும் குழந்தையின் உடல் நலத்திற்கும் ஆனது.

பால் வெட்டுத் தொழிலில் பழகிய நம் முன்னோர், விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் மரம் நன்கு பால் கொடுக்கும் என்பதை அறிந்து, இருள் பிரியும் முன்னரே எழுந்தனர். மழை வரும் நிறத்தை மலைமுகட்டில் பார்த்தே, பாலை விரைவில் சேர்த்து எடுத்தனர். அதே அறிவுதான் அருவிக்குச் செல்பவருக்கும் வேண்டியது. காலையில் செல்லுங்கள், மலையைப் பார்த்துக்கொண்டே குளியுங்கள், நீர் கலங்கினால் கரையேறுங்கள், மழைக்கு முன் வீடு திரும்புங்கள். புறப்பட்டபோது எண்ணிய தலைகள் அத்தனையும் திரும்பும்போதும் இருந்தால், அதுவே நல்ல உல்லாசப் பயணம் ஆகும்.